பதினைந்து வயது வரை

சின்னவளுக்குக் கண் மங்குவது ரோலர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் என்பதால், அது கண்ணில் உள்ள கோளாறு இல்லை, உடம்பு வளையாத கோளாறு என்று அம்மா முடிவு செய்துவைத்திருந்தாள்.

ரோலர் என்பது அந்தச் சலவைக்கூடத்தின் நடுவில் கிடந்த இஸ்திரி இயந்திரம். மூன்று பெரிய உருளைகள், உள்ளே நீராவி ஓட, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து உதறி, விளிம்பை நேராக்கி, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையை அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கொதிக்கக் கொதிக்க வரும் விரிப்பை வாங்கி மடிப்பார்கள். நகரத்து ஓட்டல்களிலும் இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் ஜனங்கள் படுத்தெழுந்த துணியெல்லாம் அங்கேதான் வந்தது. கூடம் நிலத்துக்கடியில் இருந்தது. மேலே வருஷத்தில் ஏழெட்டு மாதம் பனியும் சாம்பல் வானமும். கீழே பன்னிரண்டு மாதமும் வேர்வை. காலை இருட்டில் படியிறங்கி மாலை இருட்டில் படியேறுகிறவர்களுக்கு வெயில் என்பது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். அந்த ஞாயிறும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

அம்மா கொடுக்கும் பக்கம். இருபத்துநாலு வருஷமாக அதே இடம். பெரியவள் வாங்கும் பக்கம். சின்னவளை இருபது வயதில் அம்மா தனக்கு ஜோடியாகக் கொடுக்கும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நாலு வருஷம் எல்லாம் சரியாகவே போனது. பிறகு ஒருநாள் சின்னவள் விளிம்பைக் கோணலாகக் கொடுத்தாள்.

"என்னடி, கண்ணு எங்க இருக்கு?"

"விளிம்பு தெரியலம்மா. வெள்ளையா ஒரே புகையா இருக்கு."

"புகைதான். நீராவி. இருபது வருஷமா எனக்கும் புகைதான்."

சின்னவள் பின்வாசல் படியேறி, பனியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். பார்வை வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மறுபடி போயிற்று. மறுபடி படியேறினாள். இது தினமும் நடந்தது. கூடத்துப் பெண்கள் அவளுக்கு வாசல்காரி என்று பெயர் வைத்தார்கள். கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரி, மிஷினை நிறுத்தாமலே கேட்பாள்: "வாசல்காரி, மேல மாப்பிள்ளை யாராவது நிக்கிறானா? எங்களுக்கும் ஒருத்தனை நிக்கவையேன்."

அம்மாவுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. ஒருநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் படியேறினாள். குளிரில் சற்று நேரம் நிற்கவைத்துவிட்டு, முற்றத்தில் நின்ற லாரியைக் காட்டினாள்.

"அந்த நம்பரைப் படி."

சின்னவள் படித்தாள்.

"அதுக்குப் பின்னாடி, அந்தப் பலகை?"

அதையும் படித்தாள்.

"தெரியுதுல்ல? கண்ணு ஒரு ஜோடிதானே? உள்ளுக்கு ஒண்ணு, வெளிக்கு ஒண்ணுன்னா வெச்சிருக்கே?"

சின்னவளுக்கே அது விளங்கவில்லை. நான் நடிக்கிறேனோ, எனக்கே தெரியாமல் நடிக்கிறேனோ என்று அந்த நாட்களில் யோசித்ததாகப் பிற்பாடு அக்காவிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து அம்மா அவளைப் படிக்குத் தூரமாக, சுவர்ப் பக்கம் நிறுத்தினாள். வெளியே போக வேண்டுமென்றால் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா தாண்ட விடவில்லை. பதினோரு மாதம்.

பதினோராவது மாதத்தில் ஒரு மதியம் சின்னவளின் கால்கள் மடங்கின. கையில் பிடித்த விரிப்போடு கை போயிற்று. காவல் கம்பியில் இடித்து இயந்திரம் தானாக நின்றதால் இரண்டு விரல் நுனியோடு முடிந்தது. விரல்களைப் பார்த்த டாக்டர், அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்த விதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. மூளையைப் படமெடுத்தார்கள். நரம்புகளின் மேலுறை அங்கங்கே அரிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு சூடானால் கண் மங்கும், கால் தளரும், குளிர்ந்தால் தெளியும், இந்த நோய்க்காரர்கள் பலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். "வீட்டுல யாரும் இதைக் கவனிக்கலையா?"

"கவனிச்சோம்" என்றாள் அம்மா.

சூட்டால் மங்குமே தவிர, சூட்டால் நோய் வளராது என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அம்மா நன்றாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் அதை எடுத்துவைப்பாள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சின்னவளுக்கு இப்போது இருபத்தெட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸ்பூன் வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்தியது. மாத்திரையும் ஊசியும் உண்டு. அந்த ஊரின் குளிரிலும் அவளால் வெந்நீரில் குளிக்க முடியாது. கை பொறுக்கிற சூட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது பெரியவள். வெடவெடவென்று நடுங்கும் முதுகில் தண்ணீர் ஊற்றும்போது, சில நாள் அவள் வேண்டுமென்றே ஒரு குவளை கூடுதலாக ஊற்றியிருக்கிறாள். ஏனென்று தன்னைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. பதிலுக்குப் பக்கத்தில் போனதும் திரும்பிவிடுவாள்.

*

வீடு, பாதி நிலத்துக்குள் புதைந்த இரண்டு அறை. ஒரே ஜன்னல், கூரைக்கு ஒட்டினாற்போல. அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சின்னவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. இது தபால்காரர், இது நொண்டி நாய், இது புது பூட்ஸ் வாங்கியவன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, அம்மாவும் அக்காவும் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, அவள் சொன்னாள்: "அக்கா, ஒரு ஜோடி கால் நம்ம வாசல்ல நிக்குது. நர்ஸ் செருப்பு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ்தான். இந்த நோய் யாருக்கு, எந்தச் சூழலில் வருகிறது என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். நோயாளியையும், கூடப் பிறந்தவர்களில் நோயில்லாத ஒருவரையும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமாம். சின்னவள் போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

நர்ஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு சிறிய சிவப்புக் கோட்டு தொங்கியது.

"குழந்தை இருக்கா வீட்டுல?"

"வரப்போறா" என்றாள் பெரியவள். "என் பொண்ணு. ஒன்பது வயசு. ஊர்ல நாத்தனார்கிட்ட வளர்றா. இப்பத்தான் அனுமதி வந்திருக்கு. அடுத்த மாசத்துக்குள்ள வந்தாகணும், இல்லன்னா அது செல்லாது."

"நல்ல விஷயம். எத்தனை வருஷமா பிரிஞ்சிருக்கீங்க?"

"ஏழு."

நர்ஸ் தன் கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படிவத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் சாதாரணக் கேள்விகள். சிகரெட் உண்டா, வீட்டில் யாராவது புகைப்பதுண்டா, சின்ன வயதில் கழுத்துக் கட்டியோடு நீண்ட காய்ச்சல் வந்ததா, எந்த மாதம் பிறந்தாள். இரண்டாம் பக்கம் திருப்பி வாசித்தாள்: பதினைந்து வயது முடியும்வரை நீங்கள் வசித்த இடங்களை வரிசையாகச் சொல்லவும்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள். அடுப்படியிலிருந்து, திரும்பாமல்.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு இல்லம்மா. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற நாடுகள்ல இந்த நோய் குறைவு. அங்கேருந்து தள்ளித் தள்ளி, குளிரும் இருட்டும் கூடக் கூட, இதுவும் கூடுது. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. வெயில் பட்டா உடம்பு செஞ்சுக்கிற சத்து குறையிறதா, சின்ன வயசுல வர்ற ஒரு காய்ச்சலா, புகையா, பிறவியிலயே இருக்கிறதா, எல்லாம் சேர்ந்தா. அதான் தேடுறோம்."

"அதுக்கு எதுக்குப் பதினஞ்சு?"

"ஊர் மாறி வந்தவங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தாங்க. குழந்தையா வந்தவங்களுக்கு வந்த ஊரோட அளவு ஒட்டிக்குது. வளர்ந்தப்புறம் வந்தவங்க பழைய ஊரோட அளவையே கொண்டுவர்றாங்க. பதினஞ்சு வயசுல ஒரு கோடு இருக்கிற மாதிரி. கல்லுல வெட்டின கோடு இல்ல, அப்படி ஒண்ணு கிடையாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கிறோம்." நர்ஸ் சின்னவளைப் பார்த்தாள். "நீங்க இங்க வந்தப்ப என்ன வயசு?"

"பதினாறு" என்றாள் அம்மா.

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியை அதில் ஒரு சுற்று சுற்றினாள்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை. நர்ஸ் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நாலு" என்றாள் சின்னவள். "நாலு வயசு. குளிர்காலம். எழுதிக்குங்க."

"அவளுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள் அம்மா.

"எனக்கு இருக்கு" என்றாள் பெரியவள். "எனக்கு அப்ப பத்து வயசு."

நர்ஸ் நாலு என்று எழுதினாள். அம்மா அடுப்பைக் குறைத்தாள், கூட்டினாள், மறுபடி குறைத்தாள்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று பெரியவளைக் கேட்டாள் நர்ஸ்.

"பத்தொன்பதுல."

"அதுவரைக்கும்?"

"அப்பா போனப்புறம் அம்மாவுக்கு இங்க வேலை கிடைச்சது. கூட ஒரு பிள்ளையத்தான் கொண்டுவரலாம்னு விதி. இவளைக் கொண்டுவந்தாங்க. என்னை அத்தை வீட்டுல விட்டாங்க. அத்தைக்குச் செங்கல் சூளை."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில்ல இருப்பீங்க? சுமாரா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அச்சில் அறுத்த, இன்னும் சுடாத பச்சைக் கற்களைக் களத்தில் வரிசையாகப் பரப்பிவைப்பார்கள். உச்சி வேளையில் ஒவ்வொரு கல்லையும் புரட்டி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் காய்ந்து வெடித்துவிடும். வெறுங்காலோடு, குனிந்தபடி, வரிசை வரிசையாக. பள்ளிக்கூடம் பாதி நாள், களம் பாதி நாள். பிடரி தோலுரிந்து, உரிந்த இடத்தில் மறுபடி உரியும். இதற்கு அம்மாதான் காரணம் என்று ஒவ்வொரு கல்லைப் புரட்டும்போதும் ஒரு முறை நினைத்திருக்கிறாள். எத்தனை ஆயிரம் கல்.

"அஞ்சு மணி நேரம்" என்றாள். "ஆறுன்னே எழுதுங்க."

நர்ஸ் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் தலையில் அடித்த வெயில் இன்றைக்கு முதல்முறையாக அவள் பக்கம் நின்று சாட்சி சொன்னது. நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அது என்னவென்று தெரிந்ததும் கூசிப்போய்த் தங்கையின் கைகளைப் பார்த்தாள். மடியில் அவை தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் இனிப்பு போகவில்லை.

நர்ஸை வழியனுப்பப் படிவரை போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என் பொண்ணு பதினஞ்சுக்குள்ள இங்க வரலாமா?"

நர்ஸ் கோட்டு பொத்தானைப் போடுவதை நிறுத்தினாள். "நான் சொன்னது ஊர்க்கணக்குங்க. ஒரு பிள்ளையோட ஜாதகம் இல்ல. இந்த ஊர்லயே ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் வருது. மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க."

"ரத்தச் சொந்தத்துல இருந்தா?"

"கொஞ்சம் கூடும். அப்பவும் சொற்பம்தான். வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. இதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, வெயில் அடிக்கிற நாள்ல பார்க்குக்கு அனுப்புங்க. ஏழு வருஷமா பிரிஞ்சிருக்கேன்னீங்களே."

நர்ஸ் அவ்வளவும் சொன்னாள். பெரியவள் படியிறங்கும்போது, அதில் கூடும் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

*

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை. சின்னவளின் முட்டையை அம்மா உரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறாம்" என்றாள் சின்னவள். "நல்லா வாயில வந்ததும்மா உனக்கு. எடுத்துவெச்ச மாதிரி."

"சாப்பிடு."

"நான் பதினாறுல வந்திருந்தா இந்த முட்டைய நானே உரிச்சிருப்பேன். அதானே கணக்கு?"

"அந்தப் பொண்ணு எது தெரியும்னு சொன்னா? ஒண்ணும் தெரியாது, தேடுறோம், தேடுறோம்னுதானே சொல்லிட்டுப் போனா. தேடட்டும்." அம்மா முட்டையை இரண்டாகப் பிளந்து தட்டில் வைத்தாள். "நான் என்ன உன்னைக் கொல்றதுக்கா கொண்டுவந்தேன்?"

"அப்ப என்னை எதுக்கு விட்டுட்டு வந்தே?" என்றாள் பெரியவள்.

இருபத்துநாலு வருஷத்தில் இதை அவள் பல விதமாகக் கேட்டிருக்கிறாள். தட்டைத் தூக்கி எறிந்து, பேசாமலிருந்து, கல்யாணத்துக்கு ஊர் போனவள் மூன்று வருஷம் திரும்பாமலிருந்து. இவ்வளவு சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்பதுபோல, கேட்டதில்லை.

அம்மாவும் சாதாரணமாகவே சொன்னாள். "உனக்குச் சோறு வடிக்கத் தெரியும். தண்ணி தூக்கத் தெரியும். சும்மா திங்கிற பிள்ளைய உங்க அத்தை வெச்சுக்க மாட்டா. உன்னைன்னா வெச்சுக்குவா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? நான் அழணுமா?" அம்மா தன் தட்டை இழுத்துக்கொண்டாள். "வெயில்தான் உன்னைக் காப்பாத்திச்சுன்னு எழுதிட்டுப் போயிருக்கா. அப்ப எனக்குக் கும்பிடு போடு."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பில் வாயிலிருந்த சோறு சிதறியது. பெரியவள் துணியை எடுத்து அவள் மோவாயைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"சரி, உன் மக விஷயம்" என்றாள் அம்மா. "டிக்கெட் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாள் ஓடுதுடி."

"பதினஞ்சு ஆகட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்."

அம்மா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சின்னவள்தான் ஸ்பூனை வைத்தாள்.

"ஏன்?" என்றாள்.

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே. சின்னப் பிள்ளையா வந்தா ஒட்டிக்குமாம். உன் மாதிரி ஆயிட்டா?"

"வாசல்ல உங்கிட்ட அவ என்ன சொன்னா? எனக்குக் கண்ணுதான் போகுது, காது இல்ல. ஆயிரத்துல ரெண்டு மூணுன்னு சொன்னா."

"அந்த ரெண்டு மூணுல நீ ஒருத்தி இல்லையா?"

"இருக்கேன். அதுக்கு?" சின்னவளின் தலையும் இப்போது நடுங்கியது, கோபம் வந்தால் அப்படித்தான். "அக்கா, உனக்கு அவளைக் கூட்டிட்டு வர இஷ்டம் இல்லன்னா இஷ்டம் இல்லன்னு சொல்லு. என் காலை எடுத்துக் குறுக்க போடாத. இந்தக் கால் எனக்கே ஆகலை, உனக்குச் சாக்குக்கு ஆகுதா?"

பெரியவள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இஷ்டம் இல்லையா? இரண்டு வயதில் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. கழுத்தைக் கட்டிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். மூன்று வருஷத்துக்கு மேல் இங்கே இல்லாதிருந்தால் வேலை அனுமதி போய்விடும். கணவன் கப்பலில் போனவன், வந்தால் உண்டு. முதல் வருஷம் மார்பு வலித்தது. இரண்டாம் வருஷம் குறைந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ஒரு குரல். படிச்சியா, சாப்பிட்டியா, அத்தை சொல்றதைக் கேளு. இந்த ஒடுக்கமான கட்டிலில் அவளுக்கென்று ஒரு பக்கம், ஒரு தலையணை, யாரும் தொடாத ஒரு சுவர். அந்தச் சுவரோரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி படுத்துக்கொண்டு, ஏன் என்னை விட்டுட்டு வந்தே என்று சாதாரணமான குரலில் கேட்பாள். என்றைக்காவது கேட்பாள். முதல் பயம் அதுதான். நரம்பு, மேலுறை, வெயில் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதைத் தனக்குள்ளேயும் அவள் முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. குழாயை மூடிவிட்டாள்.

*

வியாழக்கிழமை ரோலரில் அவளோடு வாங்கும் பக்கம் நிற்க வேண்டியவள் வரவில்லை. தையல்காரி மிஷினைவிட்டு எழுந்து வந்து நின்றாள். இரண்டு பேரும் விரிப்பின் மூலைகளைப் பிடித்து, எட்டப் போய், கிட்ட வந்து, மடித்து, மறுபடி எட்டப் போனார்கள்.

"அப்போ மக வர்றா" என்றாள் தையல்காரி. "வாசல்காரிக்கு வாசல் திறந்துவிட ஒரு ஆள்."

"யார் சொன்னா?"

"உங்கம்மாதான். நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டா வீட்டுல அவளை யார் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு நானே கேட்டேன். பேத்தி வர்றா, பள்ளிக்கூடம் விட்டா வந்து பார்த்துக்குவா, கெட்டிக்காரப் பிள்ளை, சோறுகூட வடிப்பாளாம்னா." தையல்காரி மடித்ததை அடுக்கில் போட்டுத் தட்டினாள். "ஒன்பது வயசுல நான் பொம்மைக்குக்கூடச் சோறு வடிச்சதில்ல."

உருளைகளுக்கு அப்பால், நீராவிக்குள், அம்மா அடுத்த விரிப்பின் விளிம்பை நேராக்கிக்கொண்டிருந்தாள். கொடுத்த கையை எடுத்தாள். அடுத்ததைக் குனிந்து எடுத்தாள். அவள் முகம் தெரியவில்லை.

ஆக, பதினைந்து ஆகட்டும் என்றபோதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்தாததற்குக் காரணம் இதுதான்; அவள் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்தாள். வேலை தெரியும் என்பதால் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவள், வேலை தெரியும் என்பதால் இன்னொருத்தியை வரவழைக்கிறாள். பெரியவளுக்கு ஆத்திரம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, கூச்சமில்லாமல், ஒரு நிம்மதியும் வந்தது. இப்போது அவளிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. நோய்க்குப் பயந்து நிறுத்துகிறேன். அடிமை வேலைக்குக் கொடுக்க மனமில்லாமல் நிறுத்துகிறேன். இரண்டும் பொய்யில்லை. எந்தத் தாயும் வெளியே சொல்லக்கூடிய காரணங்கள்.

"மெதுவா இழுடி" என்றாள் தையல்காரி. "கிழிஞ்சா நான்தானே தைக்கணும்."

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன். அன்றைக்கு அதிசயமாக வெயில். ஜன்னலில் கால்களின் நிழல்கள் நீள நீளமாக வந்து போயின. அம்மா வீட்டு விரிப்புகளைக் கட்டிலில் குவித்துவைத்து மடிக்கக் காத்திருந்தாள். சின்னவளை ஜன்னலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு அவள் தோளில் வெயில் விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றது ஃபோன். "கோட்டு வாங்கிட்டியா?"

"வாங்கியாச்சு."

"என்ன கலர்?"

"சிவப்பு."

"எனக்குக் கை நீளம். அத்தை அளந்து சொன்னாளே, அந்த அளவா?"

"அந்த அளவுதான்." பெரியவள் ஆணியின் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "இங்க பாரு கண்ணு. இந்தத் தடவை வேணாம். கொஞ்ச நாள் கழிச்சு வரலாம்."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. யாரோ எடுத்துவைத்தார்கள்.

"ஏன்?"

"இங்க வெயிலே இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்புக்கு ஆகாது. சித்தியப் பார்த்தியா, எப்படி ஆயிட்டா."

"எனக்கு வெயிலே பிடிக்காதும்மா."

"பிடிக்கலன்னாலும் நிக்கணும். தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல விளையாடு. என்ன?"

"இங்க மழைம்மா. நாலு நாளா ஸ்கூலே இல்ல."

சின்னவள் சட்டென்று மூச்சுவிட்டாள், சிரிப்புபோல இருந்தது.

"எத்தனை வயசானா வரலாம்?"

"பதினாறு."

குழந்தை கணக்குப் போட்டது. வாய்க்குள் எண்ணும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எண்ணி முடித்த பிறகு வேறு மாதிரியான, மரியாதையான குரலில் பேசியது. வெளியாள் வீட்டுக்கு வந்தால் பேசச் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அந்தக் குரல்.

"அத்தை அப்பவே சொன்னா, நீ இப்படித்தான் சொல்லுவேன்னு. நான்தான் சண்டை போட்டேன். சரிம்மா. அத்தைகிட்ட ஃபோனைக் குடுக்கவா?"

"இரு, கண்ணு. இன்னும் கொஞ்சம் பேசு."

"என்ன பேசணும்?"

பெரியவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. படிச்சியா, சாப்பிட்டியா என்பதைத் தவிர அவளிடம் வேறு கேள்வி சேர்ந்திருக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தை வைத்துவிட்டது.

தோளிலிருந்து வெயில் நகர்ந்து நாற்காலிக் கைப்பிடிக்குப் போயிருந்தது. சின்னவள் அதை எட்டிப் பிடிப்பதுபோல் கையை நகர்த்தினாள். கை வேறு எங்கோ போயிற்று. "அந்தக் கோட்டை எடுத்துடு அக்கா" என்றாள். "நாள் முழுக்க அதைத்தான் நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

பெரியவள் எடுக்கவில்லை.

அம்மா கட்டிலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். இரண்டு மூலைகளைத் தான் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மகளிடம் நீட்டினாள். இத்தனை வருஷத்தில் பெரியவள் அவளிடம் பார்த்திராத ஏதோ ஒன்று அம்மாவின் முகத்தில் இருந்தது. கோபமில்லை, இரக்கமுமில்லை. நெடுநாள் தனியாக நின்ற வரிசையில், பின்னால் இன்னொரு ஆள் வந்து நின்றதுபோல ஓர் ஆசுவாசம்.

"இனிமே அந்தக் கேள்விய என்கிட்ட கேக்க மாட்டே" என்றாள் அம்மா. "பிடி."

பெரியவள் மூலைகளைப் பிடித்தாள். இருவரும் எட்டப் போனார்கள். பிறகு கிட்ட வந்தார்கள்.